கீழே விழுந்த இடுக்கிக்குச்சி

தையற்காரரின் இடுக்கிக்குச்சி கீழே விழுந்துவிட்டது. குனியாமல் பொருள் எடுப்பதற்கென்று கொடுத்த குச்சி அது. அதையே எடுக்க இன்னொன்று கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இடுப்பு மூட்டு மாற்றி இன்றோடு ஆறு வாரம். பதினொரு மணிக்குப் பிசியோதெரபி பெண் வருவாள். அவள் சரியென்றால் திங்கட்கிழமை கடை திறக்கலாம். அதுவரை கடை பூட்டித்தான் கிடக்கும். பாவம், ஜனங்கள் எதை மாட்டிக்கொண்டு திரிகிறார்களோ!

மனைவி வழக்கம்போல் ஒன்பது மணிக்கே, உடம்பு சரியில்லாத தங்கையைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். போனில் கூப்பிட்டார்.

"சீக்கிரம் வாயேன், குச்சி விழுந்துடுச்சு."

"கிடக்கட்டும். குனிஞ்சு இடுப்பு மூட்டை நழுவ விட்டுடாதீங்க. எனக்கு இங்க தலைக்கு மேல வேலை."

"அது என்ன கடகடன்னு சத்தம்?"

"ஃபேன்."

"எண்ணெய் போடச் சொல்லு" என்றார், தொழில் புத்தியில்.

அப்போதுதான் ஊசி பொறுக்கும் காந்தம் ஞாபகம் வந்தது. அதை அளவுநாடாவின் நுனியில் கட்டி, வாக்கரைப் பிடித்தபடி மெல்ல இறக்கினார். காந்தம் குச்சியை விட்டுவிட்டு இரும்புக் கட்டில் காலைக் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்தார். நாடா கையை விட்டு நழுவிக் கீழே விழுந்தது.

சரி, வாக்கர் காலால் குச்சியைத் தள்ளி எடுக்கலாம் என்று பார்த்தார். குச்சி கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. நாடா வாக்கர் காலில் நன்றாகச் சுற்றிக்கொண்டது. இப்போது வாக்கரும் நகரவில்லை, அவரும் நகரவில்லை. குனிந்தால் ஒரு நொடி வேலை. ஆனால் குனிந்தால் கடை போச்சு! பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டிப்போட்ட கன்றுக்குட்டிபோல் அரைமணி நேரம் நின்றார்.

பிசியோதெரபி பெண் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"குனிஞ்சீங்களா?"

"சத்தியமா இல்லம்மா."

நாடாவை அவிழ்த்தாள். நடக்கவைத்துப் பார்த்தாள். "நல்லா தேறிட்டீங்க. திங்கட்கிழமை கடைக்குப் போகலாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு வாரமா பூட்டிக் கிடக்கும்மா. என்னை விட்டா அங்க யாரு இருக்கா?"

அவள் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து நீட்டினாள்.

"போறப்போ இதையும் கொண்டுபோங்க சார், தோள்ல கொஞ்சம் பிடிக்கணும். ஆனா நீங்க கை வெச்சிடாதீங்க, இந்த ஆறு வாரமா கடையில தைக்கிறாங்களே உங்க வீட்டம்மா, அவங்ககிட்டயே கொடுத்துடுங்க."