திருநெல்வேலிக்கு மிஞ்சிய சொல்

இந்தச் சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. ஒரு சர்க்கார் ஆபீசில் டவாலிச் சேவகராக இருந்து ஓய்வுபெற்ற பீர் மைதீன் சொல்லக் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. வரை போனவன் நான் ஒருவன்தான். தப்பாக எழுதினால் திருத்திச் சொல்ல வீட்டில் ஆளில்லை. அதனால் அவரை இரண்டு முறை சொல்லச் சொன்னேன். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னார்.

1911-ஆம் வருஷம், சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழாவை முன்னிட்டு, ராஜதானியின் நகரங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போடத் தீர்மானமாயிற்று. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு படிவம். ஜனத்தொகைக்கு ஒரு கட்டம், மழைக்கு ஒரு கட்டம், எருமைகளுக்கு ஒரு கட்டம். கடைசிக் கட்டம் 'நகரத்தின் குணம்'. அதில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். இரண்டு சொல் எழுதுவதானால் எருமைகளின் கட்டத்தைக் குறுக்க வேண்டும். அதற்கு மேலிடம் சம்மதிக்கவில்லை.

சொற்களையும் மேலிடமே பட்டியல் போட்டு அனுப்பியது. ஒரு சொல் ஓர் ஊருக்குத்தான். பட்டியல் வடக்கேயிருந்து ஊர் ஊராக இறங்கி வந்தது. வீரம், ஞானம், அழகு, செல்வம் எல்லாம் வழியிலேயே தீர்ந்துபோயின. திருநெல்வேலிக்கு வந்தபோது மிஞ்சியவை இரண்டு: 'பணிவு', 'சாதாரணம்'. எங்களுக்கு அடுத்தபடியாகத் தூத்துக்குடி கையை நீட்டிக்கொண்டு நின்றது.

படிவம் ஞானையா என்ற ஆக்டிங் குமாஸ்தாவின் மேஜைக்கு வந்தது. ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தார் அவரைக் கூப்பிட்டார்.

"பணிவுன்னு எழுதும். ஊர்ப் பிரமுகர் மூணு பேரு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடணும். சனிக்கிழமை அஞ்சு மணித் தபாலுக்கு வந்துட்டா உம்ம வேலை ஸ்திரம். வராட்டா ஊருக்குச் 'சாதாரணம்'. உமக்கு அதுவும் கிடையாது."

ஞானையாவுக்கு வேலை மட்டும் அல்ல விஷயம். பாளையங்கோட்டையில் ஹெட்மாஸ்டராக இருந்த அவருடைய தாய்மாமன் எலியேசர், வேலை ஸ்திரமான மறு ஞாயிறே வேதக்கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கலாம், அதற்கு முன்னால் முடியாது என்று சொல்லியிருந்தார். பெண் அவருடைய மகள் பாக்கியவதி.

திங்கட்கிழமை, பீர் மைதீன் மைக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வர, ஞானையா டவுன் நெல் வியாபாரி பலவேசத்திடம் போனார்.

"பணிவா? நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. தூத்துக்குடிக்காரனுக்கு என்னத்தவே பணிவு?" என்று பலவேசம் பேனாவை மையில் தொட்டார். அப்படியே நிறுத்தினார். "முதல் கோட்டுல நானா போடணும்?"

"ஆமா அண்ணாச்சி."

"அடுத்தாப்ல யாரு?"

"மேலப்பாளையம் நூர்முகம்மது அண்ணாச்சி, பொறவு எங்க மாமா."

"அவுகளுக்கு மேல நான் போட்டா பாக்குதவன் என்ன சொல்லுவான்? பணிவுள்ள ஊருங்கான், முதல் ஆளே முந்திக்கிட்டு நிக்கானேம்பான். போயிட்டுக் கடைசியாக் கொண்டாரும்வே."

பாலம் தாண்டி மேலப்பாளையம் போனார்கள். ஜவுளி வியாபாரி நூர்முகம்மது கேட்ட முதல் கேள்வி, "பலவேசம் அண்ணாச்சி போட்டாகளா?"

"கடைசியாப் போடுதாகளாம்."

"கடைசியாவா! அப்பம் அவுகதான் ரொம்பப் பணிவுன்னு ஆயிருமே. பணிவுல அவுகளுக்கு நாங்க எளைச்சவங்களா தம்பி? நானும் கடைசிதான்."

எலியேசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தை முழுக்கப் படித்தார். "முப்பது வருஷமாப் பிள்ளைகளுக்குத் தாழ்மையைப் போதிக்கேன். நானே முதல் கோட்டுல ஏறி உக்காந்தா வகுப்புக்குள்ள எந்த முகத்தோட போவேன்?"

உள்ளேயிருந்து பாக்கியவதியின் குரல் வந்தது. "அப்பா, நீங்க போட்டாத்தானே அத்தானுக்கு வேலை? வேலை வந்தாத்தானே ஓலை?"

"நீ உள்ள போ."

"உள்ளதான் இருக்கேன்."

புதன்கிழமைக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தாம் கடைசியாகத்தான் கையெழுத்திடப் போவதாகப் பலவேசம் தண்டோராப் போடச் செய்தார். நூர்முகம்மது அதையே தங்க மையில் ஐந்நூறு நோட்டீஸ் அச்சடித்து விநியோகித்தார். எலியேசர் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தம் தாழ்மையைப் பற்றிப் பாடவைத்தார்.

அப்போது எதற்கும் குரூப் போட்டோ எடுப்பது நாகரிகமாக இருந்தது. வியாழக்கிழமை மூவரையும் வைத்து ஒரு படம் எடுத்தார்கள். நாற்காலியில் உட்கார மூவரும் மறுத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். படத்தில் மூன்று நாற்காலிகள் வெகு தெளிவாக விழுந்தன. அடியில் மூன்று தலைப்பாகைகள் தெரிந்தன.

வெள்ளிக்கிழமை ஞானையா ஒரு யோசனையுடன் சிரஸ்தாரிடம் போனார். "வட்டமா ஒரு கோடு போட்டுச் சுத்திக் கையெழுத்து வாங்கிருதேன் ஐயா. யாரும் முதல் இல்ல, யாரும் கடைசி இல்ல."

"வட்டம் விதியில இல்ல," என்றார் சிரஸ்தார். "சர்க்காருன்னா மேலன்னு ஒண்ணும் கீழன்னு ஒண்ணும் வேணும்வே."

சனிக்கிழமை மூன்று மணிக்கு மூவரும் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். நான்கரை வரைக்கும் படிவம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டிருந்தது. "நீங்க போடுங்க." "சேச்சே, நீங்க போடுங்க." கடைசியில் பலவேசத்துக்கு ஒரு வழி தோன்றிற்று.

"இங்கன இருக்கதுலயே சின்ன ஆளு யாரு? ஆக்டிங் குமாஸ்தா. அவரு மேல போடட்டும். அவருக்கே கீழ நாம போட்டா, அதுக்கு மிஞ்சின பணிவு உண்டா?"

அந்த வாரத்தில் மூவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். ஞானையா சிரஸ்தாரைப் பார்த்தார். சிரஸ்தார் கடிகாரத்தைப் பார்த்தார். ஞானையா முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டார்.

நூர்முகம்மதுதான் கவனித்தார். "இருந்தது மூணு கோடு. ஒண்ணு போயிட்டு. மிச்சம் ரெண்டு, நாம மூணு பேரு. யாராவது ஒருத்தர் விட்டுக்குடுக்கணுமே."

மூவரும் விட்டுக்கொடுத்தார்கள். படிவத்தை அப்படியே உள்ளே போட்டுத் தபால் பை கட்டப்பட்டது.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பிரமுகர்கள் கையெழுத்திடத் துணியாததே அந்நகரத்தின் பணிவுக்குப் போதிய அத்தாட்சியாகக் கருதப்பட்டு, மேற்படி சொல் திருநெல்வேலிக்கு வழங்கப்படுகிறது என்றது முதல் பாரா. பிரமுகர்களுக்குரிய முதல் கோட்டில் கையெழுத்திட்ட ஆக்டிங் குமாஸ்தா, பணிவின்மை காரணமாக வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்றது இரண்டாவது.

டவுனில் வளைவு கட்டிக் கொண்டாடினார்கள். யார் கழுத்தில் மாலையைக் கடைசியாகப் போடுவது என்பது முடிவாகும் முன்பே மாலைகள் வாடிவிட்டன. விழா முடிந்து வந்த எலியேசர், "பணிவு இல்லைன்னு சர்க்காரே எழுதிட்டு. அவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கது?" என்றார்.

"மூணு பெரிய ஆளுக போடாதத ஒத்த ஆளாப் போட்டாக," என்றாள் பாக்கியவதி. "ஓலையக் குடுங்கப்பா. இல்ல, நானே கோயில்ல எந்திச்சு வாசிப்பேன்."

ஓலை வாசித்தார்கள். இருவரும் ஏரலில் கருப்பட்டிக் கடை வைத்திருப்பதாகப் பீர் மைதீன் சொன்னார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன மாதம் அந்த ஆபீசுக்கே போய், மனுக் கொடுத்து, காத்திருந்து, படிவத்தின் நகலைப் பார்த்தேன். முதல் கோட்டில் ஞானையா. மற்ற இரண்டும் காலி. அவர் சொன்னது நிஜம்தான்.

வெளியே வந்தபோதுதான் செருப்பில்லாமல் நிற்பது தெரிந்தது. உள்ளே போகையில் வாசலில் கழற்றி வைத்திருக்கிறேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அப்படி ஒரு விதி உண்டா என்று பிறகு விசாரித்தேன். இல்லை.