பூகோள வாத்தியார் ஓவனைப் பழுது பார்த்தது

இனிமேல் மச்சான் இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று பூகோள வாத்தியார் ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது முடிவெடுத்தார். அப்போது எடுக்கும் முடிவுகள் வாய் கொப்பளிக்கும்வரைதான் தாங்கும். இது தாங்கிவிட்டது.

மச்சான் கெட்டவன் இல்லை. வீட்டம்மாவின் கூடப்பிறந்த தம்பி, எலக்ட்ரீஷியன். ஒரு பல்பு மாற்ற வருவான். மாற்றிவிட்டு ஒரு வாரம் தங்குவான். அந்த வாரம் முழுக்க சோபாவும் டிவி ரிமோட்டும் அவனுடையவை. வாத்தியார் தன் வீட்டிலேயே விருந்தாளியாகி, சாப்பாட்டு மேஜை நாற்காலியில் முதுகு ஒடிய உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிப்பதால், அவர் பக்கம் பேச வீட்டில் ஆளும் கிடையாது.

எது நின்றுபோனாலும் தம்பிக்குப் போன் போவதுதான் வியாதிக்கு மூலம். வாத்தியாரே ஒரு ரிப்பேர் செய்து காட்டிவிட்டால் போன் நின்றுவிடும். அவருக்கு ரிப்பேர் வேலை அட்சரமும் தெரியாது என்பது ஒரு சின்ன இடைஞ்சல். ஓடுகிற ஒன்றைத் தானே நிறுத்திவிட்டால், அதைத் தானே ஓட வைத்துவிடலாமே என்று யோசித்தார்.

மைக்ரோவேவ் ஓவனில் குழந்தைப் பூட்டு என்று ஒன்று இருப்பதை ஆசிரியர் அறையில் கெமிஸ்ட்ரி டீச்சர் சொல்லக் கேட்டிருந்தார். நிறுத்துகிற பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மற்ற பட்டன் எல்லாம் செத்துவிடும். மறுபடி அதே மாதிரி அழுத்தினால் உயிர் வந்துவிடும். வீட்டம்மா வாசலில் யாருக்கோ ரவிக்கை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாத்தியார் அழுத்திப் பிடித்தார். பிறகு குரல் கொடுத்தார்.

"ஏம்மா, ஓவன் போச்சு போல இருக்கே."

"நேத்து நல்லா ஓடுச்சே. இருங்க, தம்பிக்கு ஒரு போன் போடறேன்."

"எதுக்கு? நான் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்ல. சாயந்திரம் வந்து பார்க்கறேன்."

"நீங்களா?"

"நான்தான். சரி பண்ணிட்டேன்னா, இனிமே ரிப்பேர்னு சொல்லி உன் தம்பி இங்க வரக் கூடாது."

"பண்ணலேன்னா?"

"தாராளமா வரட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

தையல் வேலை செய்கிறவள். டேப் இல்லாமலேயே ஆளை அளவெடுத்துவிடுவாள். வாத்தியாரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள்.

சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வாத்தியார் வந்தபோது ஓவனின் பிளக் பிடுங்கிக் கிடந்தது.

"கரண்டு விஷயமாச்சே, எதுக்கு வம்புன்னு பிடுங்கி வச்சேன். நீங்க பாருங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வந்ததும் பட்டனை அழுத்திக் காரியத்தை முடித்தால் மதிப்பு இருக்காது என்று வாத்தியாருக்குத் தோன்றியது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"தட்டு பிசுக்கா இருந்தாலும் ஓடாதுன்னு தம்பி சொல்லுவான்" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

தட்டைக் கழுவினார். தட்டுக்கு அடியில் உருளுகிற வளையத்தைப் பல் பிரஷால் தேய்த்தார்.

"உள்ள மேல்பக்கம் பால் தெறிச்சுக் காஞ்சு கிடக்கு பாருங்க. அது தடுக்குமோ?"

"தடுக்கும், தடுக்கும்."

தலையை உள்ளே விட்டுச் சுரண்டினார். கதவு ஓரத்தைத் துடைத்தார். பின்னால் காற்றோட்டம் இல்லையோ என்று அவள் சந்தேகப்பட, ஓவனை நகர்த்திச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஒரு கை பார்த்தார். சூடு மேலே போகுமே என்று அவள் கவலைப்பட்டதால் மேல் ஷெல்ஃபும் சுத்தமானது. வியர்வை ஆறாய் ஓடியது. ஆனால் மச்சான் இல்லாத சோபா கண்முன்னால் தெரிந்துகொண்டே இருந்தது.

கடைசியில் பிளக்கைச் செருகினார். முதுகால் மறைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தார். 'பீப்' என்றது. வாத்தியார் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினார்.

"பாலை வை. ஒரு நிமிஷத்துல கொதிக்குதா இல்லையா பாரு."

பால் உள்ளே போனது. ஸ்டார்ட்டைத் தட்டினார். அசைவில்லை. பலமாகத் தட்டினார். எல்லாப் பட்டனையும் தட்டிப் பார்த்தார். காலையில் பூட்டியபோது கிடந்த மாதிரியே அச்சு அசலாகக் கிடந்தது. வாத்தியாருக்குப் பயம் வந்துவிட்டது. பொய்யாகக் கெடுத்தது நிஜமாகவே கெட்டுவிட்டதோ?

"கொஞ்சம் தள்ளுங்க."

அவள் ஒரு விரலால் அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தாள். 'பீப்' என்றது. ஸ்டார்ட்டைத் தொட்டாள். விளக்கு எரிந்தது. பளபளத்த தட்டின் மேல் பால் சுற்றத் தொடங்கியது.

"காலையில நீங்க பூட்டினீங்க. மத்தியானம் தம்பி போன்ல சொல்லச் சொல்ல நான் திறந்துட்டேன். திறந்து கிடந்ததை இப்ப நீங்க மறுபடி பூட்டினீங்க."

வாத்தியார் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார்.

"தம்பி வேற ஏதாவது கேட்டானா?"

"வீட்ல குழந்தையே இல்லையே, குழந்தைப் பூட்டை யாரு போட்டதுக்கான்னு கேட்டான். சொன்னேன். ஞாயித்துக்கிழமை வந்து ஒரு வாரம் இருந்து, குழந்தையைப் பார்த்துட்டுப் போறேன்னான்."