செங்கோடனின் எடை

மணங்கு மாஸ்டரைப் போல, மனிதர் வாயிலிருந்து வரும் வார்த்தையை நம்பாத ஒருவரை நான் கண்டதில்லை. இனிக் காணப்போவதும் இல்லை. "சௌக்கியமா இருக்கேனுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஆளை மேலும் கீழும் ஒரு முறை பார்ப்பார். பிறகு, "ஏறு, பாக்கலாம்" என்பார். தராசு சொன்னால்தான் சௌக்கியம். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டரையே ஒரு தடவை ஏற்றிவிட்டார். "ஏழு மணங்குங்க. ஐயாவுக்கு யாரும் வீட்டுக்கணக்குக் குடுக்கறதில்லீங்க போலிருக்குது" என்று அவர் அடக்கமாகச் சொன்னதும், எங்கள் தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அது சேலம் ஜில்லாவில், திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்த ஒரு ஹைஸ்கூல். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். கதையில் வருகிற கணக்கு வாத்தியார் இன்னும் இருக்கிறார். இன்னமும் அவருக்கு நான் பயப்படுகிறேன்.

மணங்கு மாஸ்டர் எங்கள் டிரில் மாஸ்டர்; ஹாஸ்டலையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வாத்தியார்களில் கடைசி நாற்காலி அவருக்கு. போன ஜெர்மன் யுத்தத்தில் பாஸ்ராவுக்குப் போய், பட்டாளத்தின் கோவேறு கழுதைகளுக்குச் சுமை ஏற்றியவர். அவர் கற்ற கல்வி முழுவதும் கழுதைகளிடம் கற்றதுதான். "கழுதைக்கு ஒரு சட்டம் இருக்குதுங்க. மெலிஞ்ச கழுதை மேலே சுமை ஏத்தக்கூடாது. ஏத்துனவனுக்குத்தான் தண்டனை. பையனுக்கு அந்தச் சட்டம் இல்லீங்களா?" என்று வாத்தியார்கள் அறையில் கேட்பார். மற்றவர்கள் குனிந்து நோட்டுத் திருத்துவார்கள்.

அதனால் கடலைக்காய் மண்டி ராவுத்தரிடம் போய், மூட்டை நிறுக்கும் பழைய தராசு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு பக்கம் நான்கு சங்கிலிகளில் ஒரு பலகை. மறுபக்கம் இரும்புக் கற்கள். வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் நாங்கள் நாற்பது பேரும் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக ஏறவேண்டும். "ஆடாதே. மூச்சை உள்ளே புடி. தராசு ஆடுனா எனக்குப் புடிக்காது" என்பார். எடையை மணங்கிலும் வீசையிலும் (மணங்குக்கு எட்டு வீசை, வீசைக்கு நாற்பது பலம்) ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். இரண்டு வாரம் தொடர்ந்து எடை குறைந்தால் அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டம் விழுந்தவனுக்கு வீட்டுக்கணக்கு கிடையாது. எட்டு மணிக்குப் படுத்துவிடவேண்டும்.

'அடடா, கொடுத்துவைத்தவர்கள்!' என்று வாசகர்கள் நினைக்கலாம். அவசரப்படாதீர்கள்.

நாற்பது பேரும் ஏறி இறங்கிய பிறகு, அவர் இன்னும் ஒரு பெயர் கூப்பிடுவார். "செங்கோடா!"

செங்கோடன் என்று எங்கள் ஹாஸ்டலில் யாரும் இல்லை. மல்லசமுத்திரத்துப் பக்கத்துப் பையன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாவது பாரத்துக்கு நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜுரம் கண்டு இறந்துபோனவன். அவன் பெயரைக் கேட்டதும் நாங்கள் நாற்பது பேரும் திரும்பிப் பார்க்காமல் சாப்பாட்டு அறைக்கு ஓடுவோம். அன்றைக்கு மட்டும் சமையல்காரர் கூப்பிடாமலே பந்தி நிறைந்துவிடும்.

பையன்களிடையே ஒரு பேச்சு இருந்தது. "செங்கோடன் தொணைக்கு ஆள் தேடறான்டா. அவன் காட்டற பேருக்குத்தான் மாஸ்டர் வட்டம் போடறாரு." அதனால் சிவப்பு வட்டத்துக்குப் பயந்து ஏறுவதற்கு முன் ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பவன் உண்டு, இரண்டு செம்பு குடித்துவிட்டுப் பலகையிலேயே அவதிப்பட்டவனும் உண்டு.

இனி நாற்பது சாரைச் சொல்லவேண்டும். அவர்தான் கணக்கு வாத்தியார். நாளுக்கு நாற்பது கணக்கு வீட்டுக்குக் கொடுப்பார். ஒன்று குறைந்தால் நாற்பது தோப்புக்கரணம். கெட்டவர் இல்லை. நாங்கள் எல்லோரும் பாஸாகி மனிதர்களாகவேண்டும் என்ற வெறி அவருக்கு. அந்த வெறி எனக்கும் இருந்தது. ஜேடர்பாளையத்திலிருந்து என்னைக் கொண்டுவந்து விட்ட என் அப்பா, வண்டியில் ஏறுமுன் ஒரே வார்த்தைதான் சொன்னார். "பாஸானா தாலுக்கா ஆபீசு. இல்லீன்னா ஊட்டுக்கு வந்து ஏர் புடிச்சுக்கோ, சாமி."

நான் ஏர் பிடிப்பதில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது அப்பாவுக்கும் எனக்கும் எருதுகளுக்கும் தெரியும். ஆகையால் நாற்பது கணக்கையும் போட்டேன். சோற்றைப் பாதியில் விட்டுப் போட்டேன். தூக்கத்தை விட்டுப் போட்டேன். ஆனியில் மூன்று மணங்கு நான்கு வீசை இருந்தவன், தை பிறந்தபோது மூன்று மணங்குக்கு வந்துவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த வாரம் எனக்கு வட்டம் என்று புரிந்தது. வட்டம் விழுந்தால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் பாஸ் இல்லை. அதுதான் ஒரு பயம். இன்னொரு பயம் செங்கோடன்.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனமில்லாததுதான் பயம். அடுத்த வாரம் மூன்று கூழாங்கற்களை மடியில் கட்டிக்கொண்டு பலகையில் ஏறினேன். மாஸ்டர் கல் வைத்தார். பார்த்தார். எழுதவில்லை.

"மடியிலெ இருக்கறதெ எடுத்து வெய்யி சாமி. கல்லெ நிறுத்து நான் என்ன பண்ணட்டும்? கல்லுக்கு ஜுரமா வரும்?"

வரிசை முழுவதும் சிரித்தது. கற்களை எடுத்து வைத்தேன். சிவப்பு மை வந்தது. சிரிப்பு நின்றது.

அன்று நான் சாப்பாட்டு அறைக்கு ஓடவில்லை. தைரியத்தால் அல்ல. செங்கோடனிடமே நேரில் 'நான் வரமுடியாது, எனக்குப் பரீட்சை இருக்கிறது' என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பட்டினியால் வந்த புத்தி. புளியமரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். சூரியன் இறங்கிவிட்டது, ஆனால் வெளிச்சம் இருந்தது. காற்று துளிகூட இல்லை.

"செங்கோடா!" என்றார் மாஸ்டர். ஒரு பையன் நடந்துவந்து ஏறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். "ஆடாதே சாமி" என்றார். பிறகு மறுபக்கத்தில் கற்களை எடுத்து வைத்தார். ஒரு மணங்கு. இரண்டு. மூன்று. மேலே வீசைக்கல்.

காலிப் பலகை மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கவேண்டும். போகவில்லை. சங்கிலி நான்கும் ஒரு தரம் முனகின. தராசுத் தண்டு மெல்ல மெல்ல வந்து நேராக நின்றது. மாஸ்டரின் ஒரு கை சங்கிலியைப் பிடித்திருந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நின்ற பக்கத்திலிருந்து அவர் முதுகுதான் தெரிந்தது.

"மூணு மணங்கு அஞ்சு வீசை. தேறிட்டே சாமி, நல்லாத் தேறிட்டே" என்று எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, திரும்பாமலே, "மரத்துக்குப் பின்னாடி நிக்கறவனும் வா" என்றார்.

என் உயிர் ஒரு பலம்கூட எடை இல்லாமல் போய்விட்டது. போய் நின்றேன். "சார், அவனுக்குத் தொணைக்கு என்னெ அனுப்பறீங்களா?" என்று அழுதேன்.

அவர் நோட்டை மூடினார். "பைத்தியக்காரப் பையா. அவன் யாரெயும் கூப்புடலே. நாந்தான் அவனெக் கூப்புடறேன்" என்றார். பிறகு சொன்னார்: "ஜுரம் ரெண்டு நாள்தான் சாமி. மெலிஞ்சது ஆறு மாசம். தண்டால் எடுக்கறப்போ பாத்துக்கிட்டேதான் இருந்தேன். டிரில் மாஸ்டர் சொன்னா கணக்கு சார் கேப்பாரான்னு சும்மா இருந்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கிட்டு ஓடுனேன். என்ற கை பொய் சொல்லாது. ரெண்டு மணங்கு மூணு வீசைதான் இருந்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை, நாங்கள் வரிசையில் நிற்கும்போது, நாற்பது சார் எங்கள் நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு கோபமாக வந்தார். எனக்குக் கணக்கை நிறுத்திவிட்ட செய்தி அவருக்கு எட்டியிருந்தது. "என்னய்யா இது? கழுதைச் சாஸ்திரத்தால் ஒரு பையன் பரீட்சையைக் கெடுக்கிறீரா?" என்று இரைந்தார்.

மாஸ்டர் பதிலுக்கு இரையவில்லை. "அந்தக் கட்டெ இப்புடிக் குடுங்க சார்" என்று வாங்கிப் பலகையில் வைத்தார். ஒன்றரை மணங்கு. "நாளுக்கு நாளு இத்தனெயும் ஊட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தறீங்க. இப்ப நீங்க ஏறுங்க."

அபத்தம் என்று காட்டுவதற்காகவே நாற்பது சார் ஏறினார். மூன்று மணங்கு ஏழு வீசை. மாஸ்டர் நோட்டைப் பின்னால் புரட்டினார். தராசு கட்டிய புதிதில், ஆயுத பூஜையன்று வாத்தியார்கள் எல்லோரையும் வேடிக்கைக்கு நிறுத்துப் பார்த்திருந்தார். அன்று நாற்பது சார் நான்கு மணங்கு ஆறு வீசை.

மாஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்தார். கணக்கு வாத்தியாரின் பெயரைச் சுற்றி வட்டம் போட்டார். எங்களில் ஒருவனும் சிரிக்கவில்லை. நாற்பது சார் இறங்காமல் பலகையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எறங்குங்க சார். இன்னும் ஒரு பையன் இருக்கான்" என்றார் மாஸ்டர். பிறகு கூப்பிட்டார். "செங்கோடா!"

அன்று யாரும் ஓடவில்லை. கற்கள் ஏறின, தண்டு நேராக நின்றது. மாஸ்டரின் கை எங்களுக்குத் தெரியாதபடி இந்தத் தடவை முன்னால் மறைத்து நின்றது நாற்பது சார்தான். "எவ்வளவு?" என்று அவரே கேட்டார்.

"மூணு மணங்கு ஆறு வீசைங்க."

"போன வாரம்?"

"அஞ்சு வீசைங்க. ஏறியிருக்குது."

நாற்பது சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே போய்விட்டார். திங்கட்கிழமை கரும்பலகையில் பத்துக் கணக்குதான் இருந்தது. பெயர் மட்டும் இன்றுவரை நாற்பது சார்தான். எனக்கு மாசியில் வட்டம் நீங்கியது. பரீட்சையில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கிப் பாஸானேன். முதல் மாணவனாக வருவேன் என்று இருந்தவன்தான். ஆனால் உயிரோடு வந்தேன், சோறு சாப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

தாலுக்கா ஆபீசில் வேலையும் கிடைத்தது. இந்த ரேஷன் காலத்தில் ஊரிலுள்ளவர்கள் எல்லோருக்கும் சிவப்பு வட்டம் போடவேண்டிய நிலைமை. மாஸ்டர் இருந்திருந்தால் மை போதாது. அவர் போன மாதம் காலமாகிவிட்டார். பென்ஷன் வாங்கிக்கொண்டு எங்கள் ஜேடர்பாளையத்தில்தான் தங்கையோடு இருந்தார். காவிரிக்கரைப் பூவரச மரத்தில் அதே தராசு. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் 'அடுத்த தரம் பார்க்கலாம்' என்று இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் தங்கை அந்த நோட்டைக் கொண்டுவந்தார். "உங்க பேரு இதுலெ இருக்குதுங்க. வெள்ளிக்கெழமெ தவறாதுங்க. செங்கோடன்னு ஒருத்தரெக் கூப்புடுவாரு, அப்பறம் உங்களெக் கூப்புடுவாரு. யாரும் வரமாட்டாங்க. எழுதிக்குவாரு."

செங்கோடன் ஐந்து மணங்கு இரண்டு வீசைக்கு வந்திருந்தான். நல்ல ஆள். அடுத்த வரியில் நான். பள்ளிக்கூடம் விட்ட வாரத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் வாரா வாரம் என் எடை குறைந்து, பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்திருந்தது. அந்த ஐப்பசியில் நான் சேலத்தில் டைபாய்டு ஜுரத்தில் கிடந்தேன். ஊரில் பயப்படுவார்கள் என்று ஒருவருக்கும் எழுதவில்லை.

நோட்டை வாங்கிவந்து என் மேஜையில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் எங்கே இருந்தாலும், கடைத்தெருவானாலும் ஆபீசானாலும், மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நிற்கிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி. தராசு ஆடினால் அவருக்குப் பிடிக்காது.