ஆறு பேர் லிஃப்டில் பதினொரு பேய்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் வீட்டில் கொளுத்திப் போட்டவனுக்குச் சுகத்துக்கு என்ன குறை?

என் மகளின் பதினேழாவது பிறந்தநாளுக்கு நீ ஒரு பென்டிரைவ் அனுப்பினாயே, அதில் மூன்று ஜப்பான் கார்ட்டூன் படங்கள். (“அனிமேன்னு சொல்லுங்கப்பா” என்று திருத்துகிறாள்.) மூன்றையும் பார்த்து முடித்த மறுநாள், வெளியூர்க் கல்லூரி விடுதிப் படிவத்தை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படங்களில் என்று, படிவத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நானும் உட்கார்ந்தேன்.

மூன்றும் ஒரே கதையின் தொடர்ச்சி. முதல் படத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி பழைய கட்டடத்து லிஃப்டில் ஏறுகிறாள்; அது மொட்டைமாடியோடு நிற்காமல் மேகத்துக்குப் போகிறது. இருபத்தாறு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராகக் குப்பை கொட்டியவன் நான், எப்படிச் சும்மா பார்ப்பேன்? ஆறு பேர் ஏறும் பெட்டியில் பதினொரு பேய்கள், கூடவே ஒரு நரி. எடை கூடினால் அடிக்க வேண்டிய மணி அடிக்கவே இல்லை. கதவு மூடுவதற்குள் கிளம்பிவிட்டது. படத்தை நிறுத்தி நோட்டில் குறித்துக்கொண்டேன்.

“அப்பா, அது கற்பனைப்பா.”

“கற்பனையா இருந்தா என்ன? கதவு மூடினப்புறம்தானே கிளம்பணும்?”

“பேய்க்கு எடையே கிடையாதுப்பா.”

“அந்த நரிக்கு?”

அவள் படத்தை மறுபடி ஓடவிட்டாள். உன் அக்கா, “இவரோட உக்காந்து படம் பாக்கறதுக்குச் சுவத்தைப் பாக்கலாம்” என்று எழுந்து போய்விட்டாள். போனவள் கதவோரம் நின்று கடைசிவரை பார்த்தாள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து வயது. மேகத்து ஊரில் லிஃப்ட் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறாள். ஸ்பேனரைச் சரியாகத்தான் பிடிக்கிறாள், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நெருடியது வேறு. முதல் படத்தின் பத்தாவது நிமிஷத்தில் அவளுடைய அப்பாவைக் காட்டினார்கள். கீழ்த்தளத்தில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதோடு சரி, ஆளையே காணோம். மகள் மேகத்தில் இருக்கிறாள், அந்த மனுஷன் சாப்பிட்டாரா, தூங்கினாரா, ஒரு பேச்சு கிடையாது. மூன்றாவது படத்தை அவரைத் தேடித்தான் பார்த்தேன். அவளுக்குப் பதினெட்டு வயது, மேலேயே வேலை. கடைசியில் நரி மட்டும் ஏதோ சாமான் எடுக்கக் கீழே வருகிறது. லிஃப்ட் கதவு திறக்கிறது. அங்கே அவர் நிற்கிறார், மகளுடைய சின்னக் குடையைப் பிடித்துக்கொண்டு. தலை நரைத்துவிட்டது. நாலே நொடி, படம் முடிந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான். அந்த இடத்தை மட்டும் ஓட்டி ஓட்டி ஏழு தடவை பார்த்தேன்.

ஆகவே என் முடிவு: இவை வளரும் பிள்ளைகளுக்கு ஏற்ற படங்கள் அல்ல. கையெழுத்துப் போட மாட்டேன். இனிமேல் நீ பென்டிரைவ் எதுவும் அனுப்பக் கூடாது. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். வாண்டுகள் இரண்டும் என் ஆசியோடு நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது மகள் வந்து, “வேணாம்ப்பா, நான் இங்கயே படிச்சுக்கறேன்” என்றாள். ஏன் என்றேன். “அந்த இடத்தை ஏழு தடவை பாத்தீங்க. நான் எண்ணினேன்” என்றாள். அலமாரியைத் திறந்து அவள் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிறு காலை பஸ். விடுதி ஐந்து மாடி. அந்த லிஃப்டில் முதலில் நான் ஏறிப் பார்த்த பிறகுதான் அவள் ஏறுவாள். நாலாவது படம் வந்திருந்தால் உடனே அனுப்பு. அந்தப் பெண் எப்போது கீழே வருகிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.