ஒன்பதாம் கட்டிலின் இதயம்

மூன்றாவது முறையும் ஒன்றும் கேட்கவில்லை.

கேஸ் ஷீட்டில் தெளிவாக இருந்தது: ஒன்பதாம் கட்டில், வால்வு கோளாறு, மர்மர் உண்டு. நான்கு நாட்களாக நான்கு கையெழுத்துகள் அதையே சொல்லின. துடிப்புகளுக்கு நடுவே 'உஸ்'ஸென்று ஒரு சத்தம் வர வேண்டும். அன்று காலைதான் இந்த வார்டுக்கு வந்திருந்த முதலாண்டுப் பயிற்சி மருத்துவருக்கு லப், டப் மட்டுமே கேட்டது.

பத்து நிமிடத்தில் பேராசிரியர் வந்துவிடுவார். போன வார்டிலேயே எச்சரித்திருந்தார்: "இன்னொரு தடவை கோட்டை விட்டா, ஆறு மாசம் கூடுதலா இங்கயே கிட."

கட்டிலில் இருந்தவர் வாயைத் திறந்தார். "டாக்டரம்மா, நான்..."

"பேசாதீங்கய்யா. மூச்சை இழுத்துப் பிடிங்க."

இடப்பக்கம் புரட்டினாள். உட்காரவைத்துக் குனியச் சொன்னாள். அவர் முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"அக்கா, உங்க ஸ்டெதஸ்கோப்பைக் கொஞ்சம் குடுங்களேன்."

இரண்டாமாண்டு மருத்துவர் எழுதுவதிலிருந்து நிமிராமல் கழற்றிக் கொடுத்தாள். "ஏன், உன்னுதுக்கு என்ன?"

"மர்மர் கேக்கலக்கா."

"கேக்கலையா? வார்டு வாசல்ல நின்னாலே கேக்கும்டி!"

விலை உயர்ந்த ஸ்டெதஸ்கோப். லப், டப் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"இப்பவாவது கேக்குதா?"

"கேக்குதுக்கா," என்றாள். அப்படியே எழுதியும் வைத்தாள்.

பேராசிரியர் வந்தார். பின்னால் நான்கு மாணவர்கள்.

"மர்மர் எவ்வளவு சத்தம்? ஆறுக்கு எத்தனை?"

"மூணு சார்." குத்துமதிப்புதான்.

பேராசிரியர் ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டார். கண்களை மூடிக்கொண்டார். "நாலு. பரவாயில்ல, பிடிச்சிட்ட. நீங்களும் கேளுங்கப்பா."

மாணவர்கள் கேட்டார்கள். நான்கு பேருக்கும் கேட்டது. கடைசி மாணவனுக்குக் கையை வைத்தாலே அதிர்வு தெரிந்ததாம். படுத்திருந்தவர் மறுபடி வாயெடுக்க, "பேசாதீங்க!" என்று எல்லோரும் ஒரே குரலில் அடக்கினார்கள்.

பேராசிரியர் அவளுடைய பதிவேட்டில் 'தேர்ச்சி' என்று கையெழுத்திட்டார். கூட்டம் அடுத்த வார்டுக்கு நகர்ந்தது.

அவள் மட்டும் கட்டிலருகிலேயே நின்றாள். நேற்று வந்த மாணவனுக்குக் கேட்கிறது. இத்தனை வருடம் படித்தும் தனக்குக் கேட்கவில்லை. இனி எத்தனை இதயங்களைக் கேட்காமலே கேட்டதாக எழுதப்போகிறோம்?

"ஐயா, மன்னிச்சிருங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "எல்லாருக்கும் கேட்டது. எனக்கு மட்டும் உங்க நெஞ்சுல ஒண்ணுமே கேக்கல. நீங்க வேற நல்ல டாக்டரா பாத்துக்குங்க."

அவர் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"இப்பவாவது பேசலாமா டாக்டரம்மா? பேஷண்ட் எங்க மச்சான். குளிக்கப் போயிருக்காரு, அதுக்குள்ள கட்டிலை வேற யாருக்காவது குடுத்துருவாங்கன்னு நான் படுத்திருக்கேன்."