எனக்கென்று ஒரு சுவர்

இந்த வருடம் எப்படியாவது எனக்கென்று ஒரு சுவரைச் சம்பாதித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

வீடு அல்ல. சுவர். ஒன்றே ஒன்று.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆணுக்குப் பிறந்த வீடு தங்கைக்குப் போய்விடும். வாழும் வீடு மனைவியின் சீதனம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆணி அடிக்கக்கூட அவனுக்கு இடமில்லை. என்னிடமோ அடிக்க வேண்டிய ஆணிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன.

நான் தெருவில் அழகு பொறுக்குபவன். நிந்தவூர் வீட்டு வாசல் கேற்றுகளில் இரும்பை வளைத்துச் செய்த மயில்கள், ஓட்டோக்களின் முதுகில் எழுதிய தத்துவங்கள், ஐஸ்பழப் பெட்டியில் தீட்டிய, காகம் போலத் தெரியும் பென்குயின். எல்லாவற்றையும் படம் பிடித்து, பெரிதாக அச்சடித்து வைத்திருந்தேன். அக்கரைப்பற்றில் ஒரு தையல்கடையை மூடியபோது அதன் பலகையையே கேட்டு வாங்கி வந்தேன். கையால் எழுதிய நிழல் எழுத்து, பக்கத்தில் ஒரு தையல் மெசின் படம். இத்தனையும் கட்டிலுக்குக் கீழே கிடந்தன.

"இஞ்சாருங்க, கட்டிலுக்குக் கீழ கூட்டேலாமக் கிடக்கு" என்றாள் என் மனைவி முஸ்பிறா.

"அது கலை, புள்ள."

"கலைக்குள்ள எலி குட்டி போட்டிரிக்கி."

நேர்வழி அடைபட்டது. திட்டம் போட்டேன். அடுத்த வீட்டு இஹ்ஸான் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவர். அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தேன்.

"அபுல் ஹஸன், இதெல்லாம் சனம் பாக்க வேணும்" என்று மாஸ்டர் பெருமூச்சு விட்டார்.

"ஓம் மாஸ்டர்" என்றாள் முஸ்பிறா. "நெல் மூட்டை அடுக்கின முன்னறை இரிக்கிதானே. நாலு சுவரையும் இவரே எடுத்துக்கட்டும்."

நாலு! ஒன்று கேட்க வந்தவனுக்கு நாலு! அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ஆனா ஒழுங்காச் செய்யணும். என்னென்ன வேணும் மாஸ்டர்?"

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ரோட்டுப் பக்கம் ஜன்னல். வெள்ளைப் பெயின்ட். இடுப்பு உயரத்தில மூணு பிளக்."

"படத்துக்கு என்னத்துக்கு மாஸ்டர் பிளக்?"

"வெளிச்சத்துக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த அறையை ஒதுக்கித் தரும்படி முஸ்பிறா மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் எனக்கு முதுகுவலி. இப்போது வலி போன இடம் தெரியவில்லை. மூட்டைகளைச் சுமந்தேன், சாந்து பூசினேன், பெயின்ட் அடித்தேன். மூன்று வாரத்தில் படங்கள் எல்லாம் சுவரேறின. தையல்கடைப் பலகையை மட்டும் வாசலுக்கு மேலே மாட்டச் சொன்னாள்.

"இது நாலு பேர்ர கண்ணில படணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவிக்குக் கலை விளங்கிவிட்டது!

வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு திறப்புவிழா. அழைப்புச் சொல்லும் வேலையை முஸ்பிறாவே எடுத்துக்கொண்டாள். நாலரை மணிக்குப் பார்த்தால் முப்பது பெண்கள்! ஊரில் இத்தனை கலாரசிகைகளா! எல்லார் கையிலும் ஒரு பை.

"பையில என்ன அக்கா?" என்று முன்னால் வந்த செல்லத்தங்கம் அக்காவிடம் கேட்டேன்.

"துணி, தம்பி. ரெண்டு சட்டை தைக்கோணும்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று பிளக்குகளில் மூன்று தையல் மெசின்கள். நான் அஸர் தொழுகைக்குப் போன நேரத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். ஒன்றின் முன்னால் மாஸ்டரின் மனைவி றாபியா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"முஸ்பிறா! நாலு சுவரும் எனக்கெண்டுதானே சொன்னாய்?"

"ஒங்களுக்குத்தான். ஒரு ஆணியையாச்சும் தொட்டனா? நெலம் எண்ட."

"அப்ப நான் உள்ள வந்து படங்கள விளங்கப்படுத்துறன்."

"எண்ட அல்லாஹ்! பொம்புளையளுக்கு அளவெடுக்கிற எடத்தில ஒங்களுக்கென்ன வேல?"

கதவு மூடியது. உள்ளே யாரோ என் பென்குயினைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. மாஸ்டர் வேலியோரமாக நழுவிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், நீங்க எண்ட பக்கமெண்டெல்லோ நெனச்சன்?"

"நானும் சீதன வீட்டிலதான் இரிக்கன், தம்பி."

தனியே நின்றேன். வாசற்படியில் முப்பது சோடிச் செருப்புகள். சிவப்பு, பச்சை, மினுக்கல் கல் வைத்தது, வார் அறுந்து ஊக்குக் குத்தியது. மாலை வெயிலில் அப்படி ஓர் அழகு! போனை எடுத்துக் குனிந்து ஒரு படம் பிடித்தேன்.

என் வாழ்நாளிலேயே சிறந்த படம் அதுதான். மாட்டத்தான் சுவர் இல்லை.