சக்கரச்சாமியின் தீர்த்தம்

"இடது பெடல் கீச்சுங்குது அழகு. எண்ணெய் விடணும்," என்றார் என் வீட்டுக்காரர் சுருளி, சைக்கிளை நிறுத்தாமல். நிறுத்தக் கூடாது. ஏழு நாள் கால் தரையில் படாமல் வட்டம் சுற்றுவதுதான் அவர் தொழில். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே.

"எம்புட்டு எண்ணெய் விட்டாலும் அது பேசத்தான் செய்யும்," என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த வட்டத்துக்குப் போனார். அந்த வட்டத்தின் பாதியில் சாய்ந்தார். உசிலம்பட்டித் திடல், ஆறாம் நாள்.

கூட்டம் அவரைத் தூக்க ஓடவில்லை. "சாமி! சாமி!" என்று மேடைக்கு ஓடியது.

மேடையில் இருந்தவர் சக்கரச்சாமி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதில் மதுரைப் பக்கம் அவரைத் தெரியாதவர் கிடையாது. எந்த ஊர்த் திடலில் மைக் கட்டினாலும் அவர் குரல்தான். "மனிதன் தூங்காமல் இருப்பானா? என் தீர்த்தம் குடித்தால் இருப்பான்! வீரன் குடிப்பதும் இதுதான், உங்களுக்குத் தருவதும் இதுதான். ஒரே குடம்!"

பாட்டில் இரண்டு ரூபாய். பரீட்சைக்குப் படிக்கிறவன் வாங்கினான். படுத்துவிட்ட மாட்டுக்குப் புகட்ட ஒருவர் வாங்கினார். தல்லாகுளத்துக் குமாஸ்தா ஒருவர் அரை டஜன் வாங்கினார். ஆபீசில் விழித்திருக்க அவருக்குத் தெய்வ சக்தியே தேவைப்பட்டிருக்கிறது.

அப்படிப்பட்ட தீர்த்தம் குடித்தவர் ஏன் செத்தார்? சாமி கண்ணை மூடிச் சொன்னார்: "வீட்டுக்குத் தூரமான பெண்டாட்டி, வீரன் தீர்த்தம் குடிக்கும் சொம்பைத் தொட்டுவிட்டாள்." என் மாதக் கணக்கை என்னைவிடச் சாமி நன்றாக அறிந்திருந்தார். கூட்டம் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றது.

என் வீட்டுக்காரர் துணிமணியோடு அந்தச் சொம்பும் வீட்டுக்கு வந்தது. கழுவுமுன் விரல் விட்டு நக்கிப் பார்த்தேன். ஒரே கசப்பு. கூட்டத்துக்கு விற்ற பாட்டிலையும் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். சுத்தமான குழாய்த் தண்ணீர்.

இதை என் கொழுந்தன் கருத்தக்கண்ணனிடம் சொன்னேன். "சக்தி உள்ளதுன்னா கசக்கத்தான மதினி செய்யும்?" என்றான். பாதியில் நின்ற ஏழு நாள் சுற்றைத் தம்பி முடிக்காவிட்டால் அண்ணன் ஆவி அலையும் என்று சாமி அவன் காதில் ஓதியிருந்தார். அண்ணன் சைக்கிளிலேயே காளவாசல் திடலில் சுற்ற ஏறிவிட்டான்.

நாலாம் நாள் சாயங்காலம் நான் போனபோது அவன் கண்கள் இமைக்கவே மறந்திருந்தன. இன்னும் இரண்டு நாளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நேரே மைக் அருகில் போனேன்.

"சாமி, ஒரே குடந்தான?"

"ஒரே குடம்தான் தாயே."

"அப்பக் கண்ணன் சொம்புல இருக்கறதை நீங்க குடிங்க. இந்த ரெண்டு ரூவா பாட்டிலை அவன் குடிக்கட்டும்."

கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. என்னை நம்பி அல்ல, சாமியை நம்பி. "குடிச்சுக் காட்டுங்க சாமி! அந்தப் பொம்பள வாய மூடட்டும்!" ஒருவர் சூடமே கொளுத்திவிட்டார்.

சாமிக்குத் திடீரென்று விரதம் வந்துவிட்டது. தண்ணீர்கூடத் தொடமாட்டாராம். பக்கத்தில் பாதி குடித்த கலர் சோடா பாட்டில் இருந்தது.

"விரதம்னா விடுங்க. சின்னச்சாமி குடிக்கட்டும்," என்றேன்.

சின்னச்சாமி என்பது அவர் மகன் மொக்கையன். வயது இருபத்தைந்து. டிக்கெட் கிழிப்பவன். அந்தத் திடலில் அவனைவிடப் பெரிய பக்தன் யாரும் இல்லை.

"இதுக்குப் போயி எதுக்குக்கா சண்டை?" என்று சொம்பை எடுத்தான். பயபக்தியோடு அண்ணாந்தான்.

"டேய் மொக்கை! குடிக்காதடா! நெஞ்சு வெடிச்சுச் செத்துருவடா!"

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. காளவாசல் முழுக்கக் கேட்டது.

சாமி பாய்ந்து தட்டியதில் சொம்பு உருண்டது. அடியில் கரையாத வெள்ளை மண்டி. பாய்ந்த வேகத்தில் அவர் இடுப்பிலிருந்து ஒரு பொட்டலம் விழுந்தது. முன்வரிசையில் இருந்த லாரி டிரைவர் பிரித்துப் பார்த்தார்.

"அடப்பாவி, இது எங்க சரக்காச்சே! தூங்காம வண்டி ஓட்ட முழுங்குற மாத்திரை. ஒண்ணு போட்டாலே எனக்கு நெஞ்சு படபடங்கும். இம்புட்டையுமாய்யா கரைச்ச?"

மொக்கையன் அப்பாவையே பார்த்தான். "அப்ப... சுருளியண்ணன்?" என்றான்.

சாமி அப்போதுதான் கையை நீட்டி மைக்கை அணைத்தார்.

கருத்தக்கண்ணன் பிரேக் பிடித்தான். காலைத் தரையில் ஊன்றினான். எந்த ஆவியும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. போலீஸ்தான் வந்தது, சாமியைக் கேட்டுக்கொண்டு.

பாட்டில் காசைத் திருப்பிக் கேட்டவர்கள் நிறையப் பேர். "மாத்திரை எங்கண்ணே கிடைக்கும்?" என்று டிரைவரை ஓரம் கட்டியவர்களும் உண்டு. என்னிடம் ஒருவர் வந்து, "சாமி பொய்தான்த்தா. ஆனா அந்தத் தீர்த்தத்துல எங்க மாடு எந்திரிச்சுருச்சே?" என்றார்.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐயா, உங்கள் மாடு தாகத்தில் படுத்திருந்தது. அதை எழுப்பியது பாட்டிலில் இருந்த குழாய்த் தண்ணீர். நீங்களே முதலில் அதற்குத் தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். அதற்குச் சாமி வேண்டாம், கொஞ்சம் யோசனை போதும். அதை யாரும் பாட்டிலில் அடைத்து விற்பதில்லை.

கருத்தக்கண்ணன் இப்போது அந்தச் சைக்கிளில்தான் பால் ஊற்றுகிறான். தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். மாதம் தவறாமல் எண்ணெய் விடுகிறான். இடது பெடல் இன்னும் கீச்சிடுகிறது.